நியோபியும் சாப்பிட்டாள்

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் வாசல் வழியாக நுழையாமல், பக்கத்துச் சந்தில் பின்கட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று அம்மா முதலில் குளித்தாள். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன். மூன்று வீடு தள்ளி இருக்கும் அத்தையின் ஒரே மகன், ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என்னோடு படித்தவன், புறவழிச்சாலையில் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியில் இரவில் பைக்கோடு மோதி, 26 வயதில் போய்விட்டான். அவனைத் தூக்கிவிட்ட பிறகு திரும்பியிருந்தோம். அம்மா இரண்டாவது சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல் சொன்னாள்: "கொஞ்சமா பேசினாள்? என் பிள்ளை, என் பிள்ளை என்று. அதுதான் பட்டுவிட்டது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முறை வந்ததும் குளித்தேன். ஆனால் அந்த வாக்கியம் உடம்பில் ஒட்டிக்கொண்ட சோப்பு நுரைபோலப் போகவே இல்லை. அம்மா கொடுமைக்காரி அல்ல. அன்று காலையிலிருந்து அத்தையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தவளே அம்மாதான். அவள் வாயிலிருந்து இது எப்படி வந்தது என்று யோசித்தபடி படுத்திருந்தபோது, எப்போதோ பள்ளி நூலகத்தில் படித்த கிரேக்கக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. நியோபி என்ற ராணிக்கு ஏராளமான பிள்ளைகள். லீட்டோ தேவிக்கு இரண்டே பிள்ளைகள்தானே என்று பீற்றிக்கொண்டாள். அந்த இரண்டு பிள்ளைகளும், அதாவது அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும், வில்லெடுத்து வந்து அவள் பிள்ளைகள் அத்தனை பேரையும் கொன்றார்கள். அழுதழுது அவள் கல்லானாள். கதையின் அடியில் கட்டம் கட்டி ஒரு நீதி போட்டிருந்தார்கள்: கர்வம் கூடாது. பின்கட்டில் நான் கேட்டது அந்தக் கட்டத்துக்குள் இருந்த வாக்கியத்தைத்தான். அதன் பிறகு இரண்டு வருடமாக, கையில் கிடைத்த நியோபியை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எண்ணியவள்

நமக்குப் பழக்கமான வடிவம் ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தியது. தீப்ஸ் நகரத்துப் பெண்கள் தலையில் லாரல் மர இலை சூடி லீட்டோவுக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொன்னிழை ஓடிய ஆடையில் நியோபி வந்து நிற்கிறாள். கோபம் அனுமதித்த அளவுக்கு அழகாக இருந்தாள் என்கிறார் ஓவிட். அந்த ஓரக்குறிப்பு எனக்குப் பிடிக்கும். கண்ணெதிரே இருப்பவளை விட்டுவிட்டு, காதால் கேட்ட தெய்வத்தைக் கும்பிடுகிறீர்களே என்கிறாள். தன் தந்தை டாண்டலஸ் தேவர்களோடு ஒரே பந்தியில் உண்டவன், தன் கணவன் ஆம்ஃபியோனின் யாழிசைக்குக் கற்கள் நகர்ந்துதான் இந்த நகரத்து மதிலே எழுந்தது என்று அடுக்குகிறாள். பிறகு கணக்கு: ஏழு மகன்கள், ஏழு மகள்கள், சீக்கிரமே அத்தனை மருமக்கள். பிரசவத்துக்கு ஒரு சாண் இடம்கூடக் கிடைக்காமல் அலைந்த லீட்டோவுக்கு இரண்டு. என் வயிற்றில் ஏழில் ஒரு பங்கு. சிலர் போனாலும் நான் அவளளவுக்கு இறங்கிவிட மாட்டேன். கழற்றுங்கள் அந்த இலைகளை!

பெண்கள் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் உதட்டுக்குள் முணுமுணுத்து லீட்டோவைத் தொடர்ந்து வேண்டிக்கொள்கிறார்கள். முதல் தடவை படித்தபோது இந்த முணுமுணுப்பைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். ராணியின் எதிரே தலையாட்டிவிட்டு, உள்ளுக்குள் வேறொன்றைச் சொல்லும் கூட்டம். அவர்கள் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று ஓவிட் சொல்லவில்லை.

ஓர் அங்கதம் உண்டு. இப்படி எண்ணி எண்ணிச் சொன்னவளின் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதில் பழைய கவிஞர்களுக்குள் ஒத்த கருத்தே கிடையாது. ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். ஹோமரிடம் 12, யூரிப்பிடிஸிடம் 14, சாப்போவிடம் 18, பிண்டாரிடம் 20. வேறு சிலரோ மூன்றே பேர் என்கிறார்கள். ஒரு தாயின் வாயில் உறுதியாக இருந்த எண், ஊர் வாய்க்குப் போனதும் எப்படி எல்லாம் ஆகிவிட்டது பாருங்கள்.

கொலைகளை ஓவிட் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். மதிலுக்கு வெளியே திடலில் மகன்கள் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். மூத்தவன் குதிரையை வட்டமாகத் திருப்பும்போதே நெஞ்சில் அம்பு. அடுத்தவன் காற்றில் அம்பறாத்தூணி குலுங்கும் சத்தத்தைக் கேட்டுக் கடிவாளத்தைத் தளர்த்தி விரட்டுகிறான், பிடரியில் அம்பு. இருவர் மல்யுத்தத்தில் நெஞ்சோடு நெஞ்சு பிணைந்திருக்கிறார்கள். ஒரே அம்பு இருவரையும் தைக்கிறது. கடைசி மகன் கைகளை உயர்த்தி எல்லாத் தெய்வங்களையும் பொதுவாகக் கெஞ்சுகிறான். எல்லாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரியாது. அப்பல்லோவுக்கு மனம் இளகுகிறது. ஆனால் அம்பு கையை விட்டுப் போய்விட்டது. லாரிக்கு முன்னால் பிரேக்கை மிதித்த அந்த நொடியை நினைக்காமல் இந்த இடத்தை என்னால் படிக்க முடிவதில்லை.

செய்தி கேட்டு ஆம்ஃபியோன் வாளைத் தன் நெஞ்சில் பாய்ச்சிக்கொள்கிறான். நியோபி பிணங்களின் மேல் விழுந்து முத்தமிட்டு, பிறகு வானத்தைப் பார்த்து மறுபடியும் கணக்குச் சொல்கிறாள். என் துக்கத்தைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள், லீட்டோ. ஆனால் துயரத்தில் கிடக்கும் எனக்கு இன்னும் ஏழு பேர். மகிழ்ச்சியில் இருக்கும் உனக்கு இரண்டு பேர். இத்தனை சாவுக்குப் பிறகும் வென்றவள் நான்தான்.

இதைத்தான் உரைகாரர்கள் திருந்தாத ஆணவம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவு வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் குரல் தெரிந்திருக்கும். அன்று அத்தை, போன மாதம் அவனுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுத்ததை, வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு என்று தொகையோடு சொன்னாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கையில் இல்லாதபோது, பழகிய பேச்சைத்தான் நாக்கு பிடித்துக்கொள்கிறது.

அடுத்து மகள்கள் விழுகிறார்கள். ஆறு பேர் போனபின், கடைசிப் பெண்ணைத் தன் உடம்பாலும் ஆடையாலும் முழுக்கப் போர்த்திக்கொண்டு நியோபி கெஞ்சுகிறாள்: ஒன்றை விட்டுவிடு, இருப்பதிலேயே சின்னது, ஒன்றே ஒன்று. அவள் சொல்லும் கடைசி எண் அது. கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணும் இறக்கிறாள். பிறகு காற்றில் தலைமுடி அசையவில்லை, கண் இமைக்கவில்லை, நாக்கு மேலண்ணத்தோடு உறைகிறது, நரம்பில் ஓட்டம் நிற்கிறது. ஒரு சூறாவளி அவளைத் தூக்கிப் போய்ப் பிறந்த நாட்டு மலையுச்சியில் வைக்கிறது. அங்கே அந்தக் கல் அழுதுகொண்டிருக்கிறது.

காரணம் வேண்டும்

கட்டம் கட்டிய நீதிக்குப் பின்னால் எவ்வளவு பழைய பதற்றம் இருக்கிறது என்பதை கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவைப் படித்தபோது புரிந்துகொண்டேன். தன் லட்சிய நகரத்தில் கவிஞர்கள் எதைப் பாடலாம், எதைப் பாடக் கூடாது என்று அவர் பேசும் இடத்தில் நியோபியின் பெயர் வருகிறது. வீட்டை அடியோடு அழிக்க நினைக்கும் கடவுள், முதலில் மனிதரிடம் அதற்கான குற்றத்தை முளைக்கச் செய்கிறார் என்று நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் எழுதியதை பிளேட்டோவால் ஏற்க முடியவில்லை. நியோபியின் துன்பத்தைப் பாடுவதானால், அதைக் கடவுள் செய்ததாகச் சொல்லாதே. சொல்லியே ஆக வேண்டுமென்றால், அது நியாயமானது, தண்டனையால் அவர்களுக்கு நன்மைதான் கிடைத்தது என்று சொல் என்கிறார். எத்தனை பெரிய மூளை, கேட்பது என்னவோ எங்கள் பின்கட்டில் அம்மா கேட்டதைத்தான். சும்மா நடந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே. ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்.

யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் அம்மா "ஏதோ இருக்கிறான்" என்பாள். வேலை கிடைத்தபோதும் அதே பதில், அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோதும் அதே பதில். எங்கள் இரண்டு பேரைப் பற்றி அவள் வாய்விட்டுப் பெருமை பேசி நான் கேட்டதே இல்லை. வெகுநாள் அதை அடக்கம் என்று எண்ணியிருந்தேன். அது அடக்கம் அல்ல, வேலி. நானும் அதே புறவழிச்சாலையில் இரவில் பைக் ஓட்டுகிறவன். அத்தை மகன் செத்தது அத்தை பேசிய பேச்சால் என்றால், பேசாத அம்மாவின் மகன் பத்திரமாக வீடு வந்து சேர்வான். லாரியில் விளக்கு எரியாததால் என்றால், வேலி போட இடமே இல்லை. குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு அவள் சொன்னது அத்தையைப் பற்றிய தீர்ப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்குக் கேட்டால், அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் என்பேன்.

ஈஸ்கிலஸின் நியோபி நாடகம் முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் அதில் பிள்ளைகளின் சமாதியில் முகத்தை மூடிக்கொண்டு, நாடகத்தின் பெரும்பகுதி வரை ஒரு வார்த்தையும் பேசாமல் நியோபி உட்கார்ந்திருந்தாள் என்பது தெரிகிறது. கி.மு. 405இல் மேடையேறிய நகைச்சுவை நாடகம் ஒன்றில் அரிஸ்டோஃபனிஸ் இதைக் கிண்டல் செய்கிறார்: ஆளை உட்கார வைத்து முக்காடு போட்டுவிட்டு, ரசிகர்களை எப்போது பேசுவாள் எப்போது பேசுவாள் என்று காக்க வைக்கிற ஏமாற்று வேலை என்று. கிண்டல் நன்றாகவே இருக்கிறது. இருந்தாலும், பீற்றலுக்குப் பேர்போன ஒருத்தியை வாயடைத்துப்போனவளாக மேடையில் வைத்த ஈஸ்கிலஸுக்கு என் ஓட்டு.

ஒரு வரி

என்னைப் புரட்டிப் போட்டது ஒரே ஒரு வரி. சாப்போ எழுதிய பாடலிலிருந்து. பாடலில் மற்றதெல்லாம் அழிந்துவிட்டது. அந்த வரி தப்பியதும் கதைக்காக அல்ல. கிரேக்கத்தில் தோழி என்ற சொல்லுக்கே தாசி என்ற பொருளும் ஏறிவிட்டது. மதிப்பான குடும்பத்துப் பெண்களும் தங்கள் நெருங்கிய சிநேகிதிகளை அந்தச் சொல்லால் அழைத்தார்கள் என்று காட்ட, பல நூற்றாண்டுகள் கழித்து அத்தினேயஸ் என்பவர் அதை எடுத்துக்காட்டாகக் கொடுத்தார். வரி இவ்வளவுதான்: லீட்டோவும் நியோபியும் மிகவும் அன்பான தோழிகளாக இருந்தார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டேன். தேவிக்குச் சவால் விட்ட மானிடப் பெண் என்றுதானே இத்தனை நாள் படித்தேன்? தோழிகள் என்றால் எல்லாமே வேறு கதை. உனக்கு இரண்டு, எனக்கு இத்தனை என்பது அப்போது சவால் இல்லை; கிணற்றடியில், ரேஷன் கடை வரிசையில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பேசுகிற பேச்சு. எங்கேயோ ஒரு நாள் அது சிரிப்பாக விழாமல் தைத்திருக்கிறது. எந்த நாள் என்று சாப்போ எழுதியிருக்கலாம். அந்த ஓலை போய்விட்டது.

எங்கள் தெருவில் அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் அத்தையும் தீபாவளிக்குச் சேர்ந்து முறுக்கு சுட்டவர்கள். எண்ணெய்ச் சட்டி எங்களுடையது, அச்சு அத்தையுடையது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று அத்தை ஒரு தட்டில் நான்கு லட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மகன் கணக்கில் 100. தட்டை நீட்டிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "உனக்கு எவ்வளவு?" நான் 73 என்றேன். "பரவாயில்லை, பாஸ்தானே" என்றாள். இதில் ஒரு குற்றமும் கிடையாது. ஆனால் அம்மா அந்த லட்டுகளை ஃபிரிட்ஜின் மேலே வைத்துவிட்டாள். நாங்கள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் எறும்பு வரிசையாக ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு, தட்டைக் கழுவித் துடைத்து, என்னிடம் கொடுத்தனுப்பினாள். அந்தத் தீபாவளியிலிருந்து அம்மா புதிதாக ஒரு முறுக்கு அச்சு வாங்கிவிட்டாள்.

அக்கிலீஸ் சொன்ன கதை

ஓவிடுக்கும் சாப்போவுக்கும் முன்னால் ஹோமர் இருக்கிறார். நான் படித்த வரிசையில் அவர்தான் கடைசி. அவருடைய இலியட் காவியத்தின் இறுதிக் காண்டத்தில் டிராய் நகரத்துக் கிழ மன்னன் பிரயம், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் குடிலுக்கே இரவில் வந்து, பிணத்தைக் கேட்டுக் காலைப் பிடிக்கிறான். ஹெக்டர் இறந்து 12 நாள். கிரேக்கர்கள் படையெடுத்து வந்தபோது எனக்கு 50 மகன்கள் இருந்தார்கள், பெரும்பாலோர் போய்விட்டார்கள் என்று சொல்கிறவன் அவன். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். பிணத்தைக் கழுவி, எண்ணெய் பூசி, வண்டியில் ஏற்றச் சொன்னபின் அக்கிலீஸ் திரும்பி வந்து, வா சாப்பிடலாம் என்கிறான். அதற்குத்தான் நியோபியின் கதை வருகிறது.

அவன் சொல்லும் முறையைப் பாருங்கள். பீற்றல் ஒரு வாக்கியம். கொலை ஒரு வாக்கியம். பிறகு ஒன்பது நாள் பிணங்கள் ரத்தத்தில் கிடந்தன; புதைக்க ஆளில்லை; ஊராரை எல்லாம் தேவர்களுக்கு அரசரான ஜீயஸ் கல்லாக்கிவிட்டார். பத்தாம் நாள் தேவர்களே இறங்கி வந்து புதைத்தார்கள். அழுது களைத்த நியோபிக்கு அப்போது சாப்பாட்டின் நினைவு வந்தது. அக்கிலீஸுக்கு வேண்டியது அவ்வளவுதான். பன்னிரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளே சாப்பிட்டாள். பெரியவரே, நாமும் சாப்பிடுவோம். இதற்குப் பிறகு அவள் கல்லாகி மலையில் நிற்கிறாள் என்று வரும் நான்கு வரிகள் பண்டைய அறிஞர்களுக்கே உறுத்தியிருக்கின்றன. சாப்பிடு என்று சொல்ல வந்தவன் ஒரு கல்லை எதற்கு உதாரணம் காட்டுவான், இடைச்செருகலாகத்தான் இருக்கும் என்று அரிஸ்டார்க்கஸ் போன்றவர்கள் அவற்றுக்கு ஓரத்தில் குறியிட்டார்கள்.

இதைச் சொல்பவன் யார் என்பதுதான் எனக்கு முக்கியம். தன் உயிர்த்தோழன் பெட்ரோக்ளஸ் இறந்தபோது, சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தவன் அக்கிலீஸ். வயிற்றைக் காயப்போட்டு யாரும் துக்கம் காக்க முடியாது என்று ஒடிசியஸ் எடுத்துச் சொன்னதற்கும் அவன் மசியவில்லை. கடைசியில் ஏதீனா தேவி வந்து அவன் மார்புக்குள் அமுதைச் சொட்டவிட வேண்டியிருந்தது. அவன்தான் இப்போது வெள்ளைச் செம்மறியாட்டை அறுத்து, இறைச்சியைக் கம்பியில் சுட்டு, கிழவனுக்குத் தன் கையால் பரிமாறுகிறான். கர்வம், தண்டனை, நீதி எதையும் அவன் பேசவில்லை.

அத்தை வீட்டில் மூன்றாம் நாள் இதே காரியம் நடந்தது. அடுப்பு மூட்டாத வீடு. முறை வைத்துச் சொந்தக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அத்தை தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. அம்மா தூக்குவாளியில் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். "சர்க்கரை மாத்திரை போட வேண்டும், ஒரு வாய் வாங்கிக்கொள்" என்றாள். அத்தை தலையைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா, இதுவரை எங்கள் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "எங்கள் அம்மா போன மறுநாள் நான் சாப்பிட்டேன், தெரியுமா? வெட்கமில்லாமல் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்." அத்தை அவளைப் பார்த்தாள். அம்மா ஒரு உருண்டையை நீட்டினாள். பின்கட்டில் அந்த வார்த்தையைச் சொன்ன அதே வாய், அதே கை.

நியோபியின் பாறை துருக்கியில், மனிசா நகரத்தை ஒட்டிய சிப்பிலஸ் மலையில் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் அந்த மலையில் ஏறிப் பார்த்ததாகப் பயணி பாசனியஸ் எழுதியிருக்கிறார். பக்கத்தில் போனால் வெறும் பாறைதான், பெண் உருவமே இல்லை. தள்ளி நின்று பார்த்தால் தலைகுனிந்து அழுகிற ஒருத்தி தெரிகிறாள் என்கிறார். புகைப்படங்களில் நானும் தேடினேன். சிலவற்றில் தெரிகிறாள், சிலவற்றில் இல்லை.

போன மாதம் அம்மாவோடு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சு எங்கெங்கோ போய் நின்றபோது, அத்தை எழுந்து பீரோவைத் திறந்து, லேமினேட் செய்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்துவந்தாள். ஓரத்தில் பிளாஸ்டிக் பிரிந்து காற்று புகுந்திருந்தது. கணக்குக்கு நேரே விரலை வைத்துக் காட்டினாள். "நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடத்திலேயே அந்த வருடம் இவன் ஒருவன்தான்." பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு எவ்வளவு?" என்றாள்.

"எழுபத்து மூன்று, அத்தை."

அம்மா கீழே உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "எழுபத்திரண்டுதான். ஒன்று கூட்டிச் சொல்கிறான்."